மச்சாளின் ஹீமோகுளோபின் ஆறு தசம் மூன்று

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதற்காக நெடுந்தீவிலிருந்து படகில் வந்து குறிகட்டுவானில் இறங்கினோம். நானும், எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் என் கணவரின் அக்காவான மச்சாளும். பஸ் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. மச்சாள் பாதி வழியில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன செய்யுது மச்சாள்?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் மூச்சு இளைக்குது. நீர் நடவும்."

ஐந்து மாடுகளைத் தனியே பார்க்கிற மனுசி. நாற்பத்தாறு வயது. உதட்டைப் பார்த்தேன்... வெளிறிக் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் கல்யாண வீட்டுக்குப் போகாமல் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கேன் சோதனை? களைப்பு ஆருக்குத்தான் இல்லை?"

"சரி, நானும் குடுக்கிறன். வாங்கோ."

இரண்டு பேரும் கையை நீட்டினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு தாள்கள் வந்தன. ஹீமோகுளோபின் எனக்குப் பன்னிரண்டு தசம் ஒன்பது, மச்சாளுக்கு ஆறு தசம் மூன்று. ஹீமாட்டோகிரிட் எனக்கு முப்பத்தெட்டு, அவருக்குப் பத்தொன்பது. எனக்கு என்ன விளங்கும்? பாதி என்பது மட்டும் விளங்கியது.

பரிசோதித்த பெண் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மெஷின் பிழைவிட்டிட்டுதோ எண்டு ரத்தத்தைக் குழாயில விட்டு வேகமாச் சுத்தியும் ஒருக்காப் பாத்தனான் அக்கா. பிழையில்லை."

ஈர்க்குத் தடிமனில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தூக்கிக் காட்டினார். சுற்றிய சுற்றில் சிவப்பு அடியில் படிந்திருந்தது, மேலே வெளிர்மஞ்சள் தண்ணீர். என்னுடையதில் சிவப்பு பாதியை எட்டப் பார்த்தது. மச்சாளுடையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

"மொத்த ரத்தத்தில இந்தச் சிவப்பு எத்தினை வீதம் எண்டுறதுதான் ஹீமாட்டோகிரிட். உடம்பு முழுக்க ஒட்சிசனைக் காவிக்கொண்டு போற ஹீமோகுளோபின் இதுக்குள்ளதான் இருக்கு. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவ எப்பிடி நடந்து வந்தவ?"

அதுதானே? மாடு கட்டி, தண்ணீர் சுமந்து, படகேறி...

ஆஸ்பத்திரியில் டொக்டர் விளக்கினார். இரத்தம் மெல்ல மெல்லக் குறைந்ததால் உடம்பும் மெல்லப் பழகிக்கொண்டதாம். இருக்கிற கொஞ்சத்தை வேகமாகச் சுற்றிவிட இதயம் இரவு பகலாக ஓடியிருக்கிறது. எலும்புக்குள்ளே நொடிக்கு இலட்சக்கணக்கில் புதிய சிவப்பணுக்கள் பிறந்தபடி இருக்கின்றன. யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மாதவிடாய் கூடுதலாப் போகுதோ அம்மா?"

மச்சாள் தரையைப் பார்த்தார். "ஒரு வருஷமா."

"ஏன் ஒருதரிட்டயும் சொல்லேல்லை?"

"இந்த வயசில எல்லாருக்கும் அப்பிடித்தானே எண்டு நினைச்சனான்."

ஒரே குசினியில் சமைக்கிறோம். எனக்குத் தெரியாது. அல்லது... நான் கேட்கவில்லை.

கருப்பையில் கட்டி இருந்தது. பயப்படவேண்டிய வகைக் கட்டி இல்லை என்றார்கள், சத்திரசிகிச்சைக்கும் நாள் குறித்தார்கள். முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கட்டிலருகில் இருந்து பார்த்தேன். மறுநாள் காலை மச்சாளின் உதட்டில் நிறம் தெரிந்தது.

தாதியிடம் கேட்டார், "பிள்ளை, இது ஆற்ற ரத்தம்?"

"தெரியாது அம்மா. ஆரோ வந்து குடுத்திட்டுப் போனது."

மச்சாள் வெறும் பையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்துவிட்டார். நான் இரத்ததானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பயமில்லையா என்று கேட்காதீர்கள்... இருக்கிறது.