நாகம்மா அக்காவின் மனு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன்.

ஆற்றில் கையால் இறால் தடவிப் பிழைத்த நாகம்மா அக்காவைப் பற்றி எங்கள் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகள் புத்தகம் எழுதுகிறார்கள். அனல்மின் நிலையம் ஆற்றில் சாம்பல் தண்ணீர் விடுவதை முதலில் எதிர்த்தவர் அவர்தான்.

"மாமா, அவங்க மனுவ ஆபீசரு கிழிச்சிப் போட்டாராமே?" என்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான பக்கத்து வீட்டுச் செல்வி கேட்டாள்.

அக்கா சொல்லச் சொல்ல அதை எழுதியவன் நான். கொண்டுபோனவனும் நான். ஆபீஸ் வாசலில், என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று கூசி, கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

"குட்த்துட்டேன்கா" என்று பொய் சொன்னேன். "பதிலு வந்துச்சாடா?" என்று சாகும்வரை கேட்டார்.

செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் தன் நோட்டைப் பிரித்து, எழுதி வைத்திருந்த வரியைத் தேடினாள்.

"அப்போ ஆபீசரு கிழிச்சாருன்றத அடிச்சிட்டு, மனுவ குடுக்காதவருன்னு உன் பேர எழுதட்டா மாமா?"

"எழுதும்மா" என்றேன்.

அவர்கள் புத்தகத்தில் சேர்க்க இதையும் எழுதிக் கொடுக்கிறேன்.

தை மாதம், முதல் ஞாயிறு.