செலின் சத்தம் போடாமல் படிக்கிறாள்

தமிழில் பள்ளிப்படிப்பை முடித்த என் மகள் செலின், திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய் யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். டிஸ்கிரீட் மேத்ஸ் என்று ஒரு கணக்குப் பாடம்; அதன் நிரூபணங்களை ஜெபம் சொல்வதுபோல் உரக்க ஒப்பிப்பாள். அடுப்படியில் அதைக் கேட்டு மாதாவுக்கு நன்றி சொல்வேன். பரீட்சையில் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்கள். பெயிலாகிவிட்டாள்.

“மறுபடி போச்சுன்னா மாப்பிள்ளை பாக்க வேண்டியதுதான்” என்றார் அவள் அப்பா.

“அம்புட்டையும் மனப்பாடம் பண்ணுனியே தாயி?” என்று அவளிடம் கேட்டேன்.

“அதாம்மா தப்பு. ஏன் அப்படி வருதுன்னு யோசிக்கணுமாம்.”

“யோசிச்சுக்கிட்டே இருந்தா மணி அடிச்சிர மாட்டானா?”

சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

அதன்பிறகு வீட்டில் அவள் படிக்கும் சத்தமே இல்லை. வெறும் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். யோசிக்கிறாளா, மனம் உடைந்துபோனாளா, தெரியவில்லை. கேட்டால் யோசனை கலைந்துவிடுமோ என்று பயந்து, காபியை வைத்துவிட்டு வந்து, வாய்க்குள்ளேயே ஜெபமாலை சொல்கிறேன்.