குளவிக் கூடு கட்டிய பூட்டு

நம்பாதவர்கள் டெக்சஸ் பக்கம் வந்தால் அந்தக் கேட்டையே காட்டுகிறேன். தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள். நான் லாரி மெக்கானிக். கண்ணால் பார்க்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவும் இல்லை.

எங்கள் ஊரில் காட்டுப்பன்றியைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால், "உங்க நிலத்துல சுட்டுக்கட்டுமா?" என்று போய் நின்றால் கதவு மூடிக்கொள்ளும். இரண்டு வருடம் நாயாய் அலைந்தேன். ஒருத்தர் இன்சூரன்ஸ் ஒத்துக்காது என்றார். இன்னொருத்தர், முன்னே வந்தவன் கன்றுக்குட்டியைச் சுட்டுவிட்டான் என்றார். மூன்றாவது வீட்டில் நாயை விட்டே பதில் சொன்னார்கள்.

கடைசியில் மனமிரங்கியது வெர்னா அக்கா. புருஷன் இல்லாதவர். ஆற்றோரம் முந்நூறு ஏக்கர் புல்வெளி. அதைப் பன்றிகள் உழுது போட்டிருந்தன. அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"கேட்டுல உன் பூட்டையும் மாட்டிக்கோ, தம்பி. யார் பூட்டையும் விட்டுடாதே. அங்க தொங்குற ஒவ்வொரு பூட்டும் நான் வாக்குக் குடுத்த ஒரு ஆளு."

இது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்டுக்கு ஒரே சங்கிலி. அனுமதி உள்ளவர்கள் ஆளுக்கொரு பூட்டை, பூட்டோடு பூட்டாகக் கோத்து மாட்டுவார்கள். எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விலகும். அவரவர் சாவி அவரவரிடம். கோக்கும்போது ஒரு பூட்டைத் தாண்டி மாட்டிவிட்டால் போச்சு. அந்தப் பூட்டுக்காரன் தன் பூட்டைத் திறந்தாலும் கேட் திறக்காது.

நவம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. நானும் ராய்ஸும் கிளம்பினோம். ராய்ஸ் என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அவளே வளர்த்த பிள்ளை.

"என் தம்பியை முழுசா கூட்டிட்டு வந்துடுங்க. பன்றி வரலைன்னாலும் பரவாயில்லை," என்று வாசலில் நின்று சொன்னாள்.

மாலை 4:40. வண்டியை வெளியே நிறுத்தி, அக்கா தந்த சாவியால் அவர் பூட்டைத் திறந்து உள்ளே போனோம். கேட்டில் ஐந்து பூட்டுகள். கடைசிப் பூட்டு பித்தளை, பச்சை பிடித்தது. சாவித் துவாரத்தை அடைத்துக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதையும் கோத்தால் என் பூட்டு எட்டாமல் இழுத்துக்கொண்டு நின்றது. சங்கிலியைத் தூக்கிப் பிடித்திருந்தால் எட்டியிருக்கும். யார் அதைச் செய்வது? அந்தப் பூட்டைத் தாண்டி அடுத்த வளையத்தில் மாட்டினேன்.

"அக்கா யாரையும் விடாதேன்னாங்களே, மச்சான்?" என்றான் ராய்ஸ்.

"இதைத் திறக்கக் குளவிதான் வரணும். நடடா."

சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

5:05. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கருவாலி மரத்தடியில் நான். எதிர்மேட்டில் ராய்ஸ். அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். பள்ளத்தில் போன் எடுக்காது. ஆளுக்கொரு வாக்கி டாக்கி.

5:31. சூரியன் விழுந்தது. பன்றிகள் வந்தன. பதினொன்று. துப்பாக்கியை உயர்த்தினேன்.

பதினொன்றும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. என் பக்கம் அல்ல. கேட் பக்கம்.

அப்படியே நின்றன. பிறகு ஓடின.

5:34. கிளிங்... கிளிங்...

சங்கிலிச் சத்தம். கேட் அரை மைல் தள்ளி இருந்தது. ஆனால் சத்தம் பக்கத்தில் கேட்டது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "மச்சான், கேட்டுக்கு ஏன் போனே?"

"நான் போகலையே."

"விளையாடாதே. வேட்டைக்காரங்க மேலே மாட்டுற ஆரஞ்சுச் சட்டை தெரியுது. சங்கிலியைப் புடிச்சு ஆட்டிட்டு இருக்கே."

குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். என் சட்டை பழுப்பு.

"வேற வண்டி நிக்குதா?"

"இல்ல. நம்ம வண்டி மட்டுந்தான். அவன் உள்பக்கம் நிக்கிறான், மச்சான்."

நாங்கள் வந்தபோது உள்ளே யாரும் இல்லை.

5:41. கிளிங்... கிளிங்... கிளிங்...

5:43. சத்தம் நின்றது.

"திரும்பிட்டான்," என்றான் ராய்ஸ். குரல் இறங்கியிருந்தது. "ஒரு காலை இழுத்து இழுத்து நடக்குறான். என்கிட்டதான் வரான்."

"கத்து. அனுமதிச் சீட்டு இருக்குன்னு சொல்லு."

வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்தினேன்.

"ராய்ஸ்?"

கரகர...

"ராய்ஸ்!"

5:46. வேறொரு குரல். ஈரமான குரல். களைத்துப்போன குரல்.

"எனக்கும் அனுமதி இருக்கே..."

ஒரு மூச்சு.

"என் பூட்டு ஏன் திறக்கலை?"

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள். துப்பாக்கியை அங்கேயே போட்டேன். ராய்ஸிடம் ஓடவில்லை. கேட்டுக்கு ஓடினேன். அவனைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

5:53. கேட்.

என் பூட்டைத் திறந்தேன். சங்கிலியைத் தூக்கிப் பிடித்தேன். பித்தளைப் பூட்டின் வளைவுக்குள் என் பூட்டைக் கோத்தேன்.

நவம்பர் குளிரில் அந்தப் பூட்டு சூடாக இருந்தது.

உள்ளங்கைச் சூடு.

"கோத்துட்டேன்!" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினேன். "மன்னிச்சிடுங்க! கோத்துட்டேன்!"

சத்தம் இல்லை.

காற்று இல்லை.

பிறகு... புல்லில் காலடி.

ராய்ஸ். முழங்கால் வரை சேறு. முகத்தில் ரத்தமே இல்லை. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

6:10. என் பூட்டைத் திறந்து வெளியே வந்தோம். கேட்டை மூடி, ஐந்து பூட்டையும் சேர்த்து, ஒழுங்காகக் கோத்துப் பூட்டினேன். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். வீட்டு வாசலில் ராய்ஸ் ஒன்றே ஒன்று சொன்னான்.

"தொடையைப் பொத்திக்கிட்டு நின்னான், மச்சான். பாவமா இருந்துச்சு."

மறுநாள் காலை 7:20. துப்பாக்கியை எடுக்கத் தனியாகப் போனேன். கேட் சாத்தியிருந்தது. சங்கிலி மட்டும் அவிழ்ந்து தொங்கியது. பித்தளைப் பூட்டு திறந்திருந்தது. குளவிக் கூடு பொடிப்பொடியாகத் தரையில் கிடந்தது. சாவித் துவாரத்தைச் சுற்றிப் புதுக் கீறல்கள் பளபளத்தன. அக்காதான் திறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

7:50. வெர்னா அக்காவின் சமையலறை. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பழைய பித்தளைப் பூட்டை நீங்கதான் திறந்தீங்களா, அக்கா?"

காப்பி கோப்பையைத் தாண்டி மேஜையில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அது எம்மெட்டோடது," என்றார். "உன்னை மாதிரி அனுமதி வாங்கிப் பன்றி சுட வந்தவன். ஒன்பது வருஷம் ஆச்சு. பன்றி தொடையைக் கிழிச்சுப் போட்டுது. கேட் வரைக்கும் இழுத்துக்கிட்டே வந்திருக்கான். எட்டடி வேலி. ஏற முடியலை. அவன் வண்டி வெளிய, மரத்தடியில. முப்பது அடிகூட இல்லை."

"அவர் பூட்டு?"

"திறந்திருந்துச்சு, தம்பி. பூட்டைத் திறந்துட்டான். கேட்தான் திறக்கலை." சமையல் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்குச் சாயங்காலம் புல்லைப் பார்க்க நான் போயிருந்தேன். வெளிய வரும்போது அவன் பூட்டைத் தாண்டி என் பூட்டை மாட்டிட்டேன். அவன் வண்டியைப் பார்க்கவே இல்லை. அடக்கம் முடிஞ்ச பிறகு அவன் பூட்டை நானே திரும்பக் கோத்து அமுக்கிப் பூட்டினேன். அதுக்கப்புறம் யாரும் திறக்கலை. திறக்கவும் முடியாது."

"சாவி?"

"கையில புடிச்சிருந்தான். விரலைப் பிரிக்க முடியலை." ஜன்னல் வழியாகக் கேட் இருக்கும் திசையைப் பார்த்தார். "அப்படியே வச்சுப் புதைச்சோம்."