துக்க வீட்டு முறை

பி.ஏ. சரித்திரம் முடித்தபோது எனக்கு முன்னால் இரண்டு படிப்புகள் இருந்தன. ஆசிரியப் பயிற்சிக்கு இடமே கிடைத்துவிட்டது. பங்குச் சாமியார் சொல்லி வைத்திருந்தார். நூலக அறிவியலுக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யோசனை சொல்ல வீட்டில் யாருமில்லை. கடற்கரையில்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"புஸ்தகம் அடுக்கதுக்கு ஒரு படிப்பாலே?" என்றான் என்னோடு விளையாடி வளர்ந்தவன். புதுத் துறைமுகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. "எங்க கிட்டங்கிக்கு வா. மூடை அடுக்கச் சொல்லித் தாரேன், சும்மாவே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒருமுறை முத்துக்குளிப்பைப் பற்றித் தேடினேன். சிப்பி விலங்கியல் அலமாரியில் இருந்தது. முத்து வணிகத்தில் இருந்தது. மூச்சடக்கி முங்கிய எங்கள் ஆட்கள் சரித்திரத்தில், எவனோ ஒரு துரை எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் கிடந்தார்கள். இப்படிச் சிதறிக் கிடப்பதைத் தேடி வருகிறவன் கையில் ஒன்றாகக் கொடுக்க ஒரு வழி உண்டு, அதற்கென்று படிப்பே உண்டு என்று தெரிந்த அன்றே மனம் அங்கே போய்விட்டது.

ஆசிரியப் பயிற்சி வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். அதன்பிறகு சாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மட்டும், "ஒனக்குப் பிடிச்சிருக்குல்லா, போ" என்றாள்.

நேர்முகத்துக்குக் கிளம்ப வேண்டிய காலையில் பெரியப்பா இறந்துபோனார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர் மணலில் உட்கார்ந்தார். பிறகு எழவே இல்லை. அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டியவன் நான்தான்.

நான் பையோடு நிற்பதை அப்பா பார்த்தார்.

"பைய வையிலே. அங்கன இருக்கவனும் மனுசன்தான. துக்க வீட்டு முறைய எவனும் எடுக்க மாட்டான்."

எங்கள் கரையில் கரைவலைக்காரர்களுக்கு வலை போட ஆளுக்கொரு நாள் முறை வரும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவர்களுடைய முறையை அடுத்தவன் தொட மாட்டான். அடக்கம் முடிந்து அவர்கள் திரும்ப வலையோடு வரும்போது அவர்களுக்கே விட்டுவிடுவான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீன் அள்ளிக் கொட்டுகிற காலத்திலும் யாரும் மீறியதில்லை. அதற்குள்ளேயே பிறந்தவன் நான். அப்பா சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பையை வைத்துவிட்டுக் கல்லறைக்குப் போனேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பஸ் ஏறினேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"நேர்முகத்துக்கு நீங்க வரலியே தம்பி. வெயிட்டிங் லிஸ்டுல இருந்தவருக்குக் குடுத்தாச்சு."

"வீட்டுல ஒரு துக்கம் சார்."

"அடடா" என்றார். உண்மையாகவே வருந்தினார். "அடுத்த வருஷம் எல்லாரோடயும் சேர்ந்து போட்டுப் பாருங்க."

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். அந்த அடுத்தவர் விஷயம் கேள்விப்பட்டு வருவார், இந்தாங்க என்று திருப்பித் தருவார் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அலுவலகத்தைப் பூட்டும்வரை நின்றேன். யாரும் வரவில்லை. விட்ட இடமும் போயிற்று, பிடித்த இடமும் போயிற்று. அடுத்த வருஷம் என்பது வேலையில்லாமல் வீட்டில் உட்கார முடிந்தவர்களுக்கு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "துக்கம்னு சொன்னியாலே?"

"சொன்னேம்ப்பா."

"யாருன்னு சொன்னியா? பெரியப்பன்னு, பிள்ளையில்லாதவருன்னு?"

"அவங்க கேக்கலப்பா."

அவரால் அதை நம்ப முடியவில்லை. "எடுத்தவன் எந்தக் கரைக்காரன்? விசாரி. நான் போய்ப் பேசுதேன். தெரியாம எடுத்திருப்பான்."

அப்படி ஒரு கரையே கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நடந்து வரும்போது இன்னும் கேட்கிறார், விசாரித்தாயா என்று. விசாரிக்கிறேன் என்கிறேன்.