சின்ன மாமா வருக

எனக்குக் காது குத்திய அன்று, பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டு டிவி விருந்தாளிகளை உறவு சொல்லி வரவேற்றது. பெங்களூரில் வேலை பார்த்த சின்ன மாமா, டிவியோடு இணைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது பூக்கட்டம் வரைந்து, நடுவில் 'அத்தை வருக', 'பெரியப்பா வருக' என்று ஆங்கில எழுத்தில் போட்டு, கீச்சுக்குரலில் ஒரு மெட்டும் வாசிக்கும். அதற்கான கட்டளை வரிகளை மாமா கம்ப்யூட்டர் மொழியில் ஒரே ஒருமுறைதான் எழுதியிருந்தார். யார் வந்தாலும் அந்த வரிகளையே திரும்ப 'அழைத்து' ஓடவிடுவார்.

ஆனால் அந்த மொழிக்கு ஒரு குறை உண்டு. அழைக்கும்போதே பெயரையும் கையோடு கொடுத்தனுப்ப முடியாது. முதலில் பெயரைப் பொதுவான ஓர் இடத்தில் போட்டுவைத்துவிட்டு, அப்புறம்தான் அழைக்க வேண்டும். போட மறந்தால் முன்பு வைத்த பெயரே வந்து நிற்கும். இன்று நானும் கம்ப்யூட்டர் தொழிலில் காலம் தள்ளுவதால் இதெல்லாம் தெரிகிறது. அன்று மந்திரம் என்றே நினைத்தேன்.

எல்லோரும் பெரிய மாமாவுக்காகக் காத்திருந்தோம். மூத்த தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவரோ ஏதோ கிணற்றுத் தகராறில் அப்பாவோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகியிருந்தது. வருவாரோ மாட்டாரோ என்று அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மொரப்பூரிலிருந்து சீர்த்தட்டோடு அவர் வந்து நுழைந்தபோது, பிள்ளைகளின் நச்சரிப்புக்காகச் சின்ன மாமா தன் பெயரைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்ட பதற்றத்தில் பெயரை மாற்றாமலே அந்த வரிகளை அழைத்துவிட்டார். மெட்டு முழங்க, 'சின்ன மாமா வருக' என்றது டிவி.

பெரிய மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"அவன் மடியே போதும்னா என்னைய எதுக்குங்க வரச் சொன்னீங்க?"

தட்டோடு திரும்பி நடந்தார். அப்பாதான் தோள் துண்டு நழுவ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"பொட்டிக்கு மொற தெரியாதுங்க மச்சான். நமக்குத் தெரியுமில்ல? வூட்டுக்குள்ள வாங்க."

பெரிய மாமா மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதேன். அம்மா அழுதாள். பெரிய மாமாவும் அழுதார். எனக்கு வலிக்கிறதே என்றுதான் எல்லோரும் அழுகிறார்கள் என்று நம்பினேன். தலையைத் தொங்கப்போட்டு ஒயரைச் சுருட்டிய சின்ன மாமா மேல் மட்டும் கோபம் கோபமாக வந்தது. என் முறை வந்த நேரம் பார்த்து மெட்டை நிறுத்திவிட்டாரே!

அந்தத் தப்புக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பெயர் சரியாக வந்திருந்தால் பெரிய மாமா மடியைக் கொடுத்துவிட்டு, அப்பாவை நிமிர்ந்தும் பார்க்காமல், சாப்பிடாமல் மொரப்பூர் பஸ் ஏறியிருப்பார். அந்த ஒரு பேச்சைப் பேச அப்பா எத்தனை நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.