டோனர் காரும் ஒரு பொய்ப்பேரும்

காரை விற்பவர் தமிழர் என்பது போனில் அவர் பேசிய இரண்டாவது வசனத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான் கதைத்தார். ஆனால் அந்த இழுவை எங்கள் மாமாமாரின் இழுவை. உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். லண்டன் ஹரோவில் என்னோடு படித்த குஜராத்திச் சிநேகிதி ஒருத்தியின் பெயரைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

அதற்குக் காரணம் அப்பா. "எங்கட ஆக்களிட்டை ஒண்டும் வாங்காதை பிள்ளை" என்பது அவருடைய சட்டம். "எந்த ஊர் எண்டு கேப்பினம், ஆரின்ரை மகள் எண்டு கேப்பினம், தேத்தண்ணி தருவினம். பிறகு காருக்குக் கீழை குனிஞ்சு பார்க்க உனக்கே வெக்கமாய்ப் போயிடும்." எனக்குக் குனிந்து பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

கிட் கார் என்றால் என்னவென்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு விளக்கம் எனக்குப் பாடமாகிவிட்டது. கம்பெனி இரும்புக் கூட்டையும் மேல் உடம்பையும் தரும். மற்றதெல்லாம் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி நாமே பூட்டவேண்டும். எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்டியரிங், சில்லைத் தாங்கும் பாகங்கள், வயர்க் கட்டு எல்லாம் அதிலிருந்து வரும். அந்தப் பழைய கார்தான் டோனர், பாகங்களைத் தானம் கொடுக்கும் கார். என்னுடைய கூடு எங்கள் கராஜில் நாலு மரக்கட்டைகள்மேல் ஒன்றரை வருடமாக நின்றது. டோனர்தான் இல்லை.

எட்மண்டனில் பார்த்த முதல் காரில், எஞ்சினில் அடித்திருந்த நம்பர் ஒன்று, லொக்புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், இருந்தது வேறொன்று. "யாரோ பிழையாக எழுதியிருப்பார்கள்" என்றான் விற்றவன், முகம் மாறாமல். அந்த இரண்டு நம்பரும் பொருந்தாவிட்டால் கட்டி முடித்த காரைப் பதியும்போது எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட வழியில்லை. களவு எஞ்சினாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டாவது விளம்பரத்தில் இருந்த முகவரிக்குப் போனால் அது பல் வைத்தியரின் இடம். எனக்கு முன்னரே மூன்று பேர் வந்து கார் கேட்டதாக வரவேற்பில் இருந்த பெண் அலுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எதையும் நம்புவதை விட்டேன். எஞ்சின் பளபளவென்றிருந்தால் எண்ணெய் ஒழுக்கைக் கழுவி மறைத்திருக்கிறான். அழுக்காக இருந்தால் ஒருநாளும் கவனிக்கவில்லை. அதிகம் பேசுகிறவன் கள்ளன், பேசாதவன் பெரிய கள்ளன். அப்பாவும் கெடு வைத்துவிட்டார். "மூண்டாவதும் பிழையாய்ப் போனால் அந்தக் கம்பிக்கூட்டை வித்துப்போடு. இந்தப் பனிக்கு முதல் என்ரை கார் கராஜுக்குள்ளை நிக்கவேணும்."

அந்த மூன்றாவது கார்தான் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கத்தில், ஒரு வரிசை வீட்டின் முன்னால் நின்றது. சிவப்பு, இரண்டு இருக்கை, ஜப்பான்காரர் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். விற்பவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி குளிர்ச்சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல்படியில் நின்றார். நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, துணியில் சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்விளிம்பில் ஒட்டிப் பார்க்கத் தொடங்கினேன். பெயின்டுக்குக் கீழே பசை அடைத்திருந்தால் காந்தம் பிடிக்காது.

"என்னப்பா, எஞ்சின் மாத்தினதைச் சொன்னனீங்களே?" என்றார் மனைவி, தமிழில், என் தலைக்கு மேலாக.

"கேட்டால் சொல்லுவம்."

"அவள் எங்கை கேக்கப்போறாள். பெட்டைக்கு உதெல்லாம் விளங்குமே?"

"காந்தம் கொண்டந்திருக்கிறாள். பாக்கேல்லையே நீர்?"

நான் காந்தத்தை நகர்த்திக்கொண்டே இருந்தேன். காது மட்டும் சூடாகியது. உடனே கேட்டால் பிடிபடுவேன் என்று முதலில் டயரைப் பற்றிக் கேட்டேன், பிறகு கூரைத் துணியை, பிறகு போகிறபோக்கில் கேட்பதுபோல் எஞ்சினை மாற்றியிருக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

ஆம், பழையது எண்ணெய் குடித்தது, மூன்று வருடத்துக்கு முன் மாற்றினோம், புது நம்பரை லொக்புக்கிலும் மாற்றியாயிற்று, ரசீது உள்ளே இருக்கிறது என்று கடகடவென்று சொன்னார்.

நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. இவ்வளவு சுகமாக உண்மையைச் சொல்கிறவர் இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றியது. நிலத்தில் பொலித்தீனை விரித்து மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே போனேன். துரு, ஒழுக்கு, புகைக்குழாய், அதில் நச்சுப்புகையை வடிக்கும் பெட்டி. புகைச் சோதனையில் பாஸாக அந்தப் பெட்டி முக்கியம்; உள்ளே விலைகூடிய உலோகம் இருப்பதால் கள்ளருக்கும் அதில்தான் கண். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ. உவள் ஏன் அதைப் படம் எடுக்கிறாள்?"

"எதை?"

"புகைக்குழாயை. மூலை வீட்டு வெள்ளைக்காரன்ரை காரிலை போன கிழமை அந்தப் பெட்டியை அறுத்துக்கொண்டு போனவங்களெல்லே. அதுக்கு முதல்நாளும் ஒருத்தி வாங்கிறமாதிரி வந்து பாத்திட்டுப் போனவளாம்."

"சும்மா இரும்."

"நான் சும்மா இருக்கிறன். அறுத்தாப்பிறகு நீங்களும் சும்மா இருங்கோ."

கள்ளி என்று என்னைத்தான் சொல்கிறார்கள். வெளியே வந்து இல்லையென்று சொல்லலாம். சொன்னால் இவ்வளவு நேரமும் ஒட்டுக்கேட்டதையும் சொல்லவேண்டும். பயந்துவிட்டேன் என்று தெரியக்கூடாது என்பதற்காக இன்னொரு படமும் எடுத்தேன்.

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் முதலில் உங்கள் லைசென்ஸை ஒருதரம் பார்க்கலாமா, குறை நினைக்காதீர்கள் என்றார். நீட்டினேன். அது அவர் விரலுக்குப் போன பிறகுதான், அந்த அட்டையின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொண்டு என் பெயரும் அப்பாவின் பெயரும் இருப்பது ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரர் மூன்று இடத்தில் தடுக்கிவிழும் பெயர் அது. அவர் ஒரே மூச்சில் வாசித்தார்.

"தமிழே?"

"ஓம்."

வாசல்படியிலிருந்து மனைவி இறங்கி வந்தார். "ஐயோ, அப்ப நாங்கள் கதைச்சது?"

"கேட்டது, அக்கா."

"எவ்வளவு?"

"பெட்டைக்கு விளங்குமே எண்டதிலை இருந்து."

விற்பவருக்குச் சிரிப்பு வந்து உதட்டில் நின்றுவிட்டது. மனைவிக்கு அதுவும் வரவில்லை. விற்பவர் திறந்திருந்த பொனட்டை இறக்கி அமத்தினார். "கார் விக்கேல்லை, தங்கச்சி."

"அண்ணை, நான் கார் கட்டுறன். இஞ்சை பாருங்கோ, கூடு." போனில் படத்தைக் காட்டினேன்.

"படம் ஆரும் வைச்சிருக்கலாம்," என்றார் அக்கா. "பேரை மாத்திக்கொண்டு வந்து, கீழை படுத்துப் படம் எடுத்தால் நாங்கள் என்னெண்டு நினைக்கிறது? நீரே சொல்லும்."

விற்கிறவர்களிடம் மாதக்கணக்காக நான் தேடிப் பிடித்த அடையாளங்கள் எல்லாம் என்னிடமே இருந்தன: பொய்ப்பேர், தேவைக்கு மிஞ்சிய கேள்வி, சுற்றிவளைத்த பேச்சு. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் லைசென்ஸைத் திருப்பியே கொடுத்திருக்க மாட்டேன்.

"அப்பாவின்ரை நம்பரைத் தாரும்," என்றார் கணவர்.

எனக்கு இருபத்தாறு வயது. பாலங்கள் பாரம் தாங்குமா என்று கணக்குச் சரிபார்க்கும் வேலை. இருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, உங்கடை மகள் இஞ்சை பார்க்கிங்கிலை எங்கடை வீட்டு வாசலிலை..."

"அக்சிடென்டே?"

"இல்லையண்ணை. கார் வாங்க வந்தவ. வேறை பேர் சொல்லி." அந்தப் பெயரைச் சொன்னார்.

"அது அவளின்ரை சிநேகிதப் பிள்ளையெல்லே?" அப்பாவின் குரல் மாறியது. "நீங்கள் ஆர்? எந்த ஊர்?"

"அதைப் பிறகு சொல்லுறன். உங்கடை கராஜிலை கம்பிக்கூடு ஏதும் நிக்குதோ?"

"நிக்குதோவோ? ஒண்டரை வருசமாய் நிக்குது, தம்பி! நான் விடியக் காலமை எழும்பிக் கண்ணாடியிலை ஐஸ் சுரண்டுறன். இவளுக்கு அந்தக் கூடு நனையக்கூடாதாம்!"

அக்காவின் தோள் இறங்கியது. அந்தச் சலிப்பை ஒருவரும் நடிக்க முடியாது. ஆனால் அப்பா நிற்கவில்லை. "அதென்ன கார்? எஞ்சின் மாத்தினதோ?"

"மாத்தினதுதான். மறைக்கேல்லை."

"அப்ப வேண்டாம். பிள்ளை, வீட்டை வா."

இப்போது விற்கிறவருக்கும் விருப்பமில்லை, அப்பாவுக்கும் விருப்பமில்லை. நடுவில் நின்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன். "அப்பா, புது நம்பர் லொக்புக்கிலை ஏத்திக் கிடக்காம்!"

"கிடக்காம். நீ எஞ்சினிலை பாத்தனியே?"

பார்க்கவில்லை. எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் சேருமிடத்தில் அடித்திருப்பார்கள். காரை உயர்த்தினால்தான் தெரியும்.

பிறகு அவர்கள் இருவரும் என்னைக் கேட்காமலே விலையையும் நாளையும் பேசி முடித்தார்கள். சனிக்கிழமை அவரே காரை ஹரோவுக்கு ஓட்டிக்கொண்டு வருவார். கூடு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார், நம்பர் பொருந்துகிறதா என்று அப்பா பார்ப்பார். எவருக்குச் சந்தேகம் வந்தாலும் கார் வந்த வழியே திரும்பிப் போகும்.

சனிக்கிழமை அக்கா வேறொரு காரில் பின்னால் வந்தார். சிவப்புக் காரில் வந்த கணவர் எங்களோடு கதைக்காமல் நேரே கராஜுக்குள் போய்க் கூட்டைச் சுற்றி வந்தார். குந்தியிருந்து ஒட்டிய இடமொன்றைப் பெருவிரலால் தடவினார். அவர் முகம் சுருங்கியது.

"இந்த வெல்டிங் ஆர் பிடிச்சது? உமக்கு இதுக்குப் பேப்பர் தந்தவங்களோ?"

"தந்தவங்கள், அண்ணை."

"பேப்பர் ஆரும் அடிக்கலாம்," என்றார் அக்கா. "பிள்ளையை ஏமாத்திப்போட்டாங்களோ தெரியேல்லை."

"நானும் அப்பவே அதைத்தான் சொன்னனான்," என்றார் அப்பா, மிகவும் சந்தோசமாக.

காரை ஜக்கில் உயர்த்தி, தாங்கிகள் வைத்து, நான் டோர்ச்சோடு கீழே போனேன். லொக்புக்கை அப்பா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். எழுத்துகளும் இலக்கங்களும் மெல்ல மெல்ல வந்தன. ஒவ்வொன்றாக உரத்துச் சொன்னேன். மேலே இருந்து "ம்" என்று மட்டும் வந்தது. கடைசி இலக்கம் கறுத்த எண்ணெய்க்குள் புதைந்திருந்தது.

"அப்பா, கடைசி என்ன போட்டிருக்கு?"

"நான் சொல்லமாட்டன். நீ வாசி."

கம்பி பிரஷால் தேய்த்தேன். கருந்தூள் கண்ணில் விழுந்தது. நேர்க்கோடு ஒன்று தெரிந்தது. ஒன்றா, ஏழா? இந்த இலக்கம் பொருந்தாவிட்டால் எட்மண்டன் கதைதான், கூட்டையும் விற்கவேண்டியதுதான். இரண்டு சோடிச் சப்பாத்துகள் என் தலைமாட்டில் அசையாமல் நின்றன. நகத்தால் சுரண்டினேன். மேலே குறுக்குக் கோடு வெளிவந்தது.

"ஏழு."

ஒரு சோடிச் சப்பாத்து இன்னும் கிட்ட வந்தது.

"வடிவாப் பார். ஒண்டாயும் இருக்கலாம்," என்றார் அப்பா.

"ஓம், நல்லாப் பாரும். பிறகு என்னிலை பிழை சொல்லக்கூடாது," என்றார் காரின் சொந்தக்காரர்.

மறுபடி தேய்த்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். "ஏழுதான், அப்பா."

"சரி. பொருந்துது."

மூச்சு விட்டேன். ஆனாலும் எழும்பவில்லை. "அண்ணை, லொக்புக்கிலை புதுச் சொந்தக்காரருக்கான துண்டு இருக்கு, அது கையிலை வந்தால்தான் கார் என்ரை. அதைக் கிழிச்சுத் தருவீங்களோ?"

"முதலிலை வெளியிலை வாரும் தங்கச்சி, தாறன்."

கடதாசி கிழிபடும் சத்தம் கேட்கும்வரை நான் காருக்குக் கீழிருந்து வெளியே வரவில்லை.