மேம்பாலச் சாலை போன இடத்தில் ஒரு படலை

பரமட்டா நகருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேம்பாலச் சாலையை இடித்து, அந்த நிலத்தில் எல்லோருக்குமான குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது முதலில் கைதட்டியவன் நான்தான். அந்த உரிமை எனக்கு இருந்தது. அகதியாக வந்த புதிதில் அந்தச் சாலையோரம்தான் வாடகைக்கு இருந்தேன். மேலே லொறி போனால் எங்கள் குசினியில் கோப்பைகள் ஆடும்.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கும் போனேன். மஞ்சள் துண்டுத் தாளில் நம் ஆசையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். "சமத்துவம்" என்று தமிழிலேயே எழுதி ஒட்டினேன். ஓர் இளம் அதிகாரி அதைப் படம் பிடித்தாள். என்ன அர்த்தம் என்று கேட்காமலே அற்புதம் என்றாள்.

கட்டி முடித்ததும் நானும் அங்கே ஒரு வீடு வாங்கினேன். முன்புறக் கட்டடம் என்னைப் போல் வீடு வாங்கிய சொந்தக்காரர்களுக்கு, பின்புறம் குறைந்த வாடகைக்காரர்களுக்கு. நடுவில் பொதுத் தோட்டம். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வார்டுகளைத் துப்புரவு செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திக்கும் பின்புறத்தில் வீடு கிடைத்தது. என்னை அண்ணை என்பாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தோட்டத்தில் சைக்கிள் ஓடுவார்கள்.

ஆறு மாதம் போகவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. தோட்டத்துக்கு இரும்புப் படலை போட்டு, அதைத் திறக்கும் இரகசிய இலக்கத்தை முன்புறத்தாருக்கு மட்டும் கொடுப்பது. காரணம், பாதுகாப்பு. யாரிடமிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கையைத் தூக்கினார், என் கையும் கூடப் போனது. ஞாயிறு மத்தியான நித்திரை சைக்கிள் சத்தத்தில் கெடுகிறது என்ற எரிச்சலும் உள்ளே இருந்தது. அதை ஒளிப்பானேன்.

படலை போட்ட மறுநாள் ஆஸ்பத்திரி லிஃப்டில் அவளைச் சந்தித்தேன்.

"அண்ணை, உங்கட ஆக்கள் கார்டனைப் பூட்டிப்போட்டினம். பிள்ளையள் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்குதுகள்."

"ஓம் தங்கச்சி, நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். ஆர் கேக்கினம்?"

அவள் தலையாட்டினாள். மூன்றாம் மாடியில் இறங்கும்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களுக்கும் கூட்டக் குறிப்பு அனுப்பினவை, அண்ணை. ஏகமனதாக எண்டு போட்டிருக்கு."

கதவு மூடியது. நான் இறங்க வேண்டிய மாடியும் அதுதான். இறங்காமல் மேலே போனேன்.

தோட்டம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் கட்டவே அனுமதித்தோம், படலையைக் கழற்றுங்கள் என்று சில வாரங்களில் நகரசபை எழுதியது. முறையிட்டவள் அவள். அதை அவள் ஒளிக்கவில்லை, வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது.

எங்கள் செயற்குழுவுக்குக் கூச்சம் என்பது கிடையாது. படலையைக் கழற்றிய அடுத்த ஞாயிறே அதே தோட்டத்தில் தேநீர் விருந்து வைத்து, "எல்லோரையும் அரவணைக்கும் எங்கள் குடியிருப்பு" என்று பதாகை கட்டியது. நான் வடை கொண்டுபோனேன். அவள் என் தட்டிலிருந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வடை எடுத்துக் கொடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தாங்க்யூ சேர்" என்றாள்.